மூன்றாம் காலோடு திருவூடலுக்கு

மாட்டுப் பொங்கலன்று திருவண்ணாமலையில் சுவாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. இதற்கென்றே அங்கே ஒரு தெரு உண்டு, பெயரே திருவூடல் தெரு. ஊர்கூடி வேடிக்கை பார்க்கும் இந்தக் குடும்பத் தகராறுக்குக் காரணம் பிருங்கி முனிவர். சிவனை மட்டுமே வலம் வருவேன் என்று அடம்பிடித்தவர். இருவரும் ஓருடலாக நின்றபோதும் வண்டாகித் துளைத்துக்கொண்டு அவரை மட்டும் சுற்றினாராம். அம்மன் தன் பங்கான சக்தியைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். எலும்பும் தோலுமாகத் தள்ளாடியவருக்குச் சுவாமி மூன்றாவதாக ஒரு கால் கொடுத்தார். அம்மனுக்கு வந்த கோபம் அதிலிருந்துதான்.

சமாதானத் தூது போகிறவர் சுந்தரர். தன் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சிவனையே நள்ளிரவில் திருவாரூர் வீதியில் நடக்கவிட்டவர், இங்கே அந்தக் கடனை அடைக்கிறார். அவருக்கும் உடம்பு படுத்தியிருக்கிறது. திருவொற்றியூரில் இரு கண்ணும் போய், திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் வாங்கி, காஞ்சியில் ஒரு கண் பெற்று, திருவாரூரில் போய் நின்று, மற்றக் கண்ணைத் தராவிட்டால் 'வாழ்ந்து போதீரே' என்று பாடினார். நல்லா இருங்க சாமி என்கிற அதே தொனி! ஆக, சண்டைக்குக் காரணமானவரும் தூதரும் துணைக்கு ஒன்றை ஊன்றி நடந்தவர்கள். முடக்குவாதம் போன்ற நாள்பட்ட மூட்டு நோயோடு கைத்தடி பிடித்து வருபவர்கள் கூச்சமில்லாமல் சிரிக்க இதைவிடப் பொருத்தமான திருவிழா கிடையாது.

ஆனால் மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று இரண்டு நாளையும் முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டால் சிரிப்பு போய்விடும். மாட்டுப் பொங்கல் விடியலில் நந்திக்கு வடை, முறுக்கு, காய், பழம் எல்லாம் மாலையாகச் சாத்துவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் முடக்குவாதக்காரர்களுக்கு விடியல்தான் மோசமான நேரம், மூட்டு இறுக்கம் தளர ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். கூட்டத்துக்கு முன்னே போக வேண்டுமானால் மூன்று மணிக்கே எழ வேண்டும். மார்கழிக் குளிர் மிச்சமிருக்கும் கருங்கல் தரையில் வெறுங்கால். 25 ஏக்கர் கோயில் வேறு. நந்தியை விட்டுவிட்டு மாலை ஊடலுக்குப் போவதே நல்லது. நகைச்சுவை நடப்பதும் அப்போதுதான். காலையில் வெந்நீர்க் குளியல், மெதுவாக விரல் மடக்கி நீட்டல், மதியம் இரண்டு மணி நேரம் படுக்கை.

தெருவில் முன்வரிசை வேண்டாம். உற்சவர் திரும்பும்போது கூட்டம் சட்டென்று பின்வாங்கும், மடங்காத முழங்காலால் அந்த வேகத்தில் விலக முடியாது. சந்து முனையோரம் மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் வெளியேறவும் வழி இருக்கும். பொங்கல் தெருவில் கரும்புச் சக்கையும் ஈரக் கோலமும் வழுக்கும். தடியின் ரப்பர் அடி தேய்ந்திருந்தால் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே தடியின் உயரம். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில். பலர் வலிக்கிற பக்கமே பிடித்து இடுப்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள். விரல்களும் வீங்கியிருந்தால் வளைந்த கைப்பிடி வலிக்கும், உள்ளங்கை முழுக்கப் பதியும் அகலப் பிடி வாங்குங்கள்.

ஊடல் முற்றி அம்மன் கோயிலுக்குள் போய்விட, கதவு சாத்தப்படுகிறது. சுவாமிக்கு அன்று இரவு குமரக்கோயிலில்தான் தங்கல், மகன் வீடு. மறுநாள் காணும் பொங்கலன்று அவர் கிரிவலம் கிளம்புகிறார், 14 கிலோமீட்டர். கார்த்திகை தீபத்துக்குப் பிறகு ஒருமுறை, இப்போது ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டே தடவை. கூடவே நடக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை, வீட்டுக்குள் விடாதது அவரைத்தான். பாதையில் நிழலான ஓரிடத்துக்கு ஆட்டோவில் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டால் அவரே வந்து தரிசனம் தருவார்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் போடுவது. போகியிலிருந்து காணும் பொங்கல் வரை நாலு நாளும் ஞாயிறு மாதிரியே இருப்பதால், ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை இரண்டாம் தடவை போட்டுவிடும் ஆபத்து உண்டு. வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்தாகலாம். அட்டையிலேயே தேதியை எழுதி வையுங்கள். விட்டுப்போனால் சேர்த்துப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோனை விரதம் என்று நிறுத்தக் கூடாது. அது சர்க்கரையையும் ஏற்றும், அதனால் சர்க்கரைப் பொங்கல் பிரசாத அளவோடு நிற்கட்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வலி மாத்திரை போடுவது சிறுநீரகத்துக்குக் கேடு, வெறும் வயிற்றில் போடுவது இரைப்பைக்கு. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து கொதித்தாலோ அன்றே மருத்துவமனை. சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

காணும் பொங்கல் சொந்தக்காரர்களின் நாள் என்பதால் இலவச வைத்தியமும் வரும். கையில் சில பதில்கள் இருக்கட்டும்.

"பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?"

"அலங்காரம் முடிஞ்ச நேரத்துல பார்க்குறீங்க. காலையில திரை போட்டிருந்தது."

"எங்க பாட்டி எண்பது வயசுல மலை சுத்துறாங்களே!"

"பாட்டி காலை ரெண்டு நாளைக்கு வாடகைக்குக் கேட்டுப் பாருங்களேன்."

முடக்கத்தான் தோசை சிபாரிசு செய்பவரிடம் வாதம் வேண்டாம். "சுட்டுக் கொண்டாங்க அத்தை, சாப்பிடுறேன்" என்றால் பேச்சு அடுத்தவர் மூட்டுக்கு நகர்ந்துவிடும்.

கூட வருபவரோடு ஒரு குறிச்சொல்லும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பிருங்கி கூப்பிடுறார்" என்றால் உடனே உட்கார இடம் வேண்டும். "கதவு சாத்தியாச்சு" என்றால் அறைக்குத் திரும்ப வேண்டும், கேள்வி கிடையாது. இது இல்லாவிட்டால் நோயாளி வலியை மறைக்கவே ஜோக் அடிப்பார், மற்றவர்கள் சிரிப்பை நம்பி இன்னும் ஒரு சன்னதிக்கு இழுப்பார்கள். நோயைக் கிண்டல் செய்யும் உரிமை முதலில் நோயாளிக்கு, அவர் தொடங்கினால்தான் மற்றவர்கள். வலி ஏறிய நேரத்தில் அவருக்கும் அது வேண்டியிருக்காது.

கிரிவலம் முடித்துச் சுவாமி திரும்பிய பிறகு மறுவூடல், சமாதானம். அதையும் பார்க்க நினைத்தால் மறுநாள் காலைப் பேருந்துக்குப் பதிவு செய்யாதீர்கள். ஒரு பகல் முழுக்க அறையில் படுத்துவிட்டு, விடுமுறைக் கூட்டம் வடிந்த பிறகு கிளம்பினால் போதும்.