விட்பியில் ஒரு மீனவர் வீடு

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் இருக்கிறது விட்பி. அங்கே நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் அகலமே ஓர் அறைதான். கீழே சமையலறை, அதன் மேல் கூடம், கூடத்துக்கு மேல் படுக்கையறை, கூரைக்கு அடியில் இன்னொரு சிற்றறை என்று டிபன் கேரியர் அடுக்குகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மீன்பிடிக் குடும்பங்கள் குடியிருக்க எழுந்த வீடு. இப்போது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடுகிறார்கள். பிரிட்டனில் இவற்றை ஹாலிடே காட்டேஜ் என்பார்கள். வரவேற்பு மேசை கிடையாது, ஆள் கிடையாது. வாசல் சுவரில் எண்பூட்டுப் போட்ட சின்னப் பெட்டிக்குள் சாவி காத்திருக்கும்.

என்னுடன் வந்தவர் அம்மா. அவர் சைவம், வெளிச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. சமையலறையுள்ள வீடு தேடியதற்கு அதுதான் முதல் காரணம். பழைய வீடாகத் தேடியது என் விருப்பம். ஓர் ஊரின் வரலாற்றை அருங்காட்சியகத்தில் பார்ப்பது ஒன்று, அந்த வரலாற்றுக்குள்ளேயே பாத்திரம் கழுவித் துணி காயப்போட்டு இருப்பது வேறு.

மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியாக ஒரு சின்ன ரயில் வருகிறது. ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், ஒன்றரை மணி நேரப் பயணம். ஊர் நெருங்கும்போது பதின்மூன்று வளைவுகள் கொண்ட லார்பூல் செங்கல் பாலத்துக்கு அடியில் வண்டி நுழைகிறது. 1880களில் கட்டிய பாலம் அது. அதன் மேல் ஓடிய ரயில் நின்று வெகுகாலமாகிவிட்டது, இப்போது நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும்தான் பயன்படுத்துகிறார்கள்.

எஸ்க் ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கடலில் சேர்கிறது. மேற்குக் கரையில் ரயில் நிலையமும் கடைத்தெருவும் விக்டோரியா காலத்து விடுதிகளும். கிழக்குக் கரையில் பழைய ஊர். இரண்டையும் இணைப்பது 1908இல் அமைத்த சுழல் பாலம். படகுகள் வரும்போது மணியடித்து, வாகனங்களையும் மக்களையும் நிறுத்திவிட்டுப் பாலத்தைத் திருப்புகிறார்கள். நாங்கள் பெட்டிகளுடன் போய்ச் சேர்ந்த நேரம் பாலம் திறந்திருந்தது. ஒரு மீன்பிடிப் படகு மெதுவாகக் கடந்து போகும்வரை கைப்பிடிச் சுவரோரம் நின்றோம். காத்திருந்த எவர் முகத்திலும் அவசரம் இல்லை. படகுக்குத்தான் முதல் வழி என்பது இந்த ஊரில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு என்று தோன்றியது.

எங்கள் வீடு சர்ச் தெருவுக்கு அப்பால், ஹென்றியெட்டா தெருவில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் செங்குத்தான மலைமுகடு, எதிரே துறைமுகம். நடுவில் கிடைத்த ஒரு கீற்று நிலத்தில்தான் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்திருக்கின்றன. வீடுகள் ஏன் அகலத்தை விட்டு உயரத்தில் வளர்ந்தன என்று யாரும் விளக்கவே வேண்டியதில்லை, பின்கதவைத் திறந்தால் பாறை நிற்கிறது. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்துகள், அவற்றின் உள்ளே பொது முற்றங்கள். கூரைகளில் வளைந்த சிவப்பு ஓடுகள். தெருவுக்கு மேலே ஏறி நின்று பார்த்தால் புகைபோக்கிகளும் செவ்வோடுகளும் படிப்படியாகத் துறைமுகம் வரை இறங்குகின்றன. ஒவ்வொரு புகைபோக்கியின் மேலும் ஒரு கடற்காகம் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறது. விடியற்காலையில் அவை கத்தத் தொடங்கினால் அதற்குமேல் தூக்கம் கிடையாது.

வீட்டுக்குள் என்னை மிகவும் கட்டிப்போட்டது கூடத்து ஜன்னல். இங்கிலாந்தில் பழைய ஜன்னல்கள் பெரும்பாலும் மேலும் கீழும் ஏறி இறங்கும். யார்க்‌ஷயரில் பக்கவாட்டில் நகரும் வகை உண்டு. சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள் பதித்த இரண்டு மரச்சட்டங்கள். ஒன்று அசையாது, மற்றொன்று மரப்பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போகும். எடைக்கல், கயிறு, கப்பி எதுவும் வேண்டாம், தச்சர் ஒருவர் கைவேலையிலேயே முடித்துவிடலாம். கூரை தாழ்ந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. அந்தச் சட்டத்தை நகர்த்த ஒரு பக்குவம் வேண்டும். கீழ்மூலையில் உள்ளங்கையை வைத்துச் சற்றே தூக்கித் தள்ளினால்தான் அசையும். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து மரம் வழவழவென்று தெரிந்தது. எத்தனை தலைமுறைக் கைகள் அங்கே பட்டிருக்கும்!

மாடிப்படி ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கதவைத் திறந்தவுடன் நேராக ஏறத் தொடங்கிவிடும் செங்குத்தான மரப்படிகள், பிடித்துக்கொள்ள சுவரோரம் ஒரு தடித்த கயிறு. ஒவ்வொரு படியின் நடுவிலும் பள்ளம் விழுந்திருந்தது. அம்மா முதல் நாளே முடிவு செய்துவிட்டார்: ஏறும்போது நேராக ஏறுவது, இறங்கும்போது படிகளைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குவது. அப்படித்தான் இந்தப் படிகளில் இறங்க வேண்டும் என்று பிறகு பக்கத்து வீட்டு மூதாட்டியும் சொன்னார். அம்மாவுக்கு அதில் பெருமை.

குளிர் மட்டும் கடுமை. ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடிதான், காற்று இடுக்குகளில் புகுந்து வருகிறது. இங்கே பாரம்பரியக் கட்டடங்களாகப் பட்டியலிடப்பட்ட வீடுகளின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், ஜன்னலை மாற்றுவதற்குக்கூட. உரிமையாளர்களுக்கு அது தொல்லையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் இல்லாவிட்டால் உள்ளங்கை பட்டுத் தேய்ந்த அந்த ஜன்னலின் மரச்சட்டம் எப்போதோ குப்பைக்குப் போய், பிளாஸ்டிக் ஜன்னல் வந்திருக்கும். நான் சட்டத்தின் பக்கம். இரண்டு கம்பளிகள் போர்த்திக்கொண்டு தூங்கினோம்.

தெருவில் எந்நேரமும் லேசான புகை வாசனை. 1872 முதல் ஃபார்ச்சூன் குடும்பத்தார் ஹெர்ரிங் மீனைப் பிளந்து, உப்புநீரில் ஊறவைத்து, கரிபடிந்த ஒரு சின்னக் கட்டடத்தில் தொங்கவிட்டு மரப்புகையில் வாட்டி விற்கிறார்கள். அதற்குக் கிப்பர் என்று பெயர். வாங்கி வந்து வெண்ணெயில் சூடாக்கிச் சாப்பிட்டேன். கருவாட்டின் வீறு இல்லை, ஆனால் உப்பும் புகையும் நாக்கில் நெடுநேரம் நிற்கின்றன. அந்நேரம் அம்மா மேல்மாடிக்குப் போய்விட்டார். பிறகு வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பொடியைப் போட்டு ரசம் வைத்தார். மிளகும் பெருங்காயமும் அந்தத் தாழ்ந்த உத்தரங்களுக்கு அடியில் மணந்ததை மறக்க முடியாது.

இனி சாளக்கிராமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னல் திண்டில் யாரோ ஒரு கல்லை வைத்திருந்தார்கள். உள்ளங்கையளவு கருஞ்சாம்பல் கல், அதில் சுருள் சுருளாக உள்நோக்கிச் சுழலும் வரிகள். அம்மா அதைக் கையில் எடுத்ததுமே கண்களில் ஒற்றிக்கொண்டார். அவர் கண்டது தவறே இல்லை. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் விட்பிக் கடற்கரையில் கிடைக்கும் இந்தக் கல்லும் அமோனைட் என்ற ஒரே கடல்வாழ் உயிரினக் குழுவின் புதைபடிவங்கள், இரண்டும் ஜுராசிக் காலத்தவை. விட்பியின் கற்களுக்கு ஏறக்குறைய 18 கோடி ஆண்டு வயது. அங்கே திருமாலின் சக்கரம் என்று வணங்கினார்கள். இங்கே அவற்றைக் கல்லாகிப்போன பாம்புகள் என்றார்கள். மலைமேல் மடாலயம் கட்ட வந்த ஹில்டா என்ற துறவி, அங்கிருந்த பாம்புகளையெல்லாம் கல்லாக்கி முகட்டிலிருந்து கடலில் வீழ்த்தினாராம். கல்லுக்குத் தலை இல்லையே என்று கேட்டவர்களுக்காக வியாபாரிகள் பாம்புத் தலை செதுக்கியே விற்றிருக்கிறார்கள். ஊரின் சின்னத்தில் மூன்று அமோனைட் சுருள்கள் உண்டு. ஓர் அமோனைட் வகைக்கு ஹில்டாவின் பெயரையே வைத்து அறிவியலாளர்கள் ஹில்டோசெராஸ் என்கிறார்கள். இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். அப்புறம் தினமும் காலையில் அந்தக் கல்லின் முன் ஒரு பூ இருந்தது. முற்றத்துத் தொட்டியில் பூத்ததை மூதாட்டியிடம் கேட்டுப் பறித்துக்கொண்டார்.

மலைமேல் ஏற 199 படிகள். முதலில் மரப்படிகளாக இருந்தவை, 1774இல் கல்லாக மாறின. இடையிடையே அகலமான தட்டுகளும் பெஞ்சுகளும் உண்டு. சவப்பெட்டியைச் சுமந்து ஏறியவர்கள் அதை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்கான இடங்கள். அம்மா எல்லாவற்றிலும் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே ஏறினார். உச்சியில் புனித மேரி தேவாலயம். வெளியே பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் கப்பலின் அடித்தளத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும், அவ்வளவு மரம்! இடுப்புயர மரத்தடுப்புகளுக்குள் குடும்பத்துக்கு ஒரு பெட்டியாக இருக்கைகள், சுற்றிலும் மாடங்கள், நடுவில் மூன்றடுக்குப் பிரசங்க மேடை. சில பெட்டிகளின் கதவில் 'வெளியூராருக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. ஊர்க்காரர்கள் தத்தமக்கென்று இடம் வைத்திருந்த காலத்தில், கப்பலில் வந்து இறங்கும் அந்நியனுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அம்மா அதில்தான் உட்கார்ந்தார். நானும்.

தேவாலயத்துக்குப் பின்னால் மடாலயத்தின் இடிபாடுகள். 657இல் ஹில்டா தொடங்கிய மடத்தில் ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் அவர் தலைமையில் இருந்தார்கள். ஈஸ்டர் பண்டிகையை எந்தக் கணக்குப்படி கொண்டாடுவது என்று அன்றைய வட இங்கிலாந்து நாடான நார்தம்பிரியாவின் அரசர் முன்னிலையில் 664இல் தீர்மானித்ததும் இங்கேதான். இப்போது நிற்கும் கல்வளைவுகள் பிற்காலத்து மடத்தினுடையவை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மூடியது போக மிஞ்சியதன் மீது, 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல்களின் குண்டுகளும் விழுந்தன.

ஒரு பிற்பகல் கிரேப் லேனில் உள்ள ஜான் வாக்கரின் வீட்டுக்குப் போனோம். கப்பல் முதலாளியான அவரிடம் 1746இல் தொழில் பழகச் சேர்ந்த பையன்தான் பின்னாளில் கேப்டன் ஜேம்ஸ் குக். அந்த வீட்டு மாடத்தின் பரணில் மற்றப் பயிற்சிப் பையன்களோடு தங்கினார். வீட்டைக் கவனித்துக்கொண்ட பெண், இரவில் அவர் படிப்பதற்காக மேசையும் மெழுகுவத்தியும் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். உலகைச் சுற்றிய அவருடைய எண்டெவர் கப்பல் 1764இல் இந்த ஊரில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டியது. அடிப்பாகம் தட்டையாக இருந்ததால் மணலில் ஏறினாலும் கவிழாது. வாக்கரின் வீட்டில் அறைகள் விசாலம், சுவர்களுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோதுதான், கப்பல் வைத்திருந்தவனும் கப்பலில் போனவனும் வாழ்ந்த இடங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று உறைத்தது. நடந்தால் சில நிமிடங்கள்தான்.

கடலுக்குப் போனவர்கள் கொடுத்த விலை அதைவிடப் பெரியது. 1861 பிப்ரவரி 9 அன்று அடித்த புயலில் விட்பியின் உயிர்காப்புப் படகு ஐந்து முறை போய் மாலுமிகளைக் காப்பாற்றியது. ஆறாம் முறை கவிழ்ந்தது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் கரையிலிருந்தவர்கள் கண்ணெதிரே இறந்தார்கள். தப்பியவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான், அன்று புதுவகைத் தக்கை அங்கி அணிந்திருந்தவரும் அவர் ஒருவர்தான். அதன் பிறகும் பல ஆண்டுகள் அவர் உயிர்காப்புப் படகில் போய்க்கொண்டிருந்தார்.

நிலமும் இங்கே நம்பத்தக்கதல்ல. 1787இல் பெரும் மண்சரிவில் இந்தத் தெருவின் வீடுகள் பல அழிந்தன. 2012 இறுதியில் பெருமழைக்குப் பின் முகடு மறுபடி சரிந்தது. கிழக்குக் கரையில் சில வீடுகளை இடிக்க வேண்டியதாயிற்று. கல்லறைத் தோட்டத்து எலும்புகள்கூட வெளியே வந்தன.

பக்கத்து வீட்டு மூதாட்டி ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பவர். அப்படி இருப்பவர்கள் இந்தத் தெருவில் சிலர்தான் என்றார். அதற்குப் பின் தெருவில் நடக்கும்போது வாசல்களில் இருந்த சாவிப்பெட்டிகள் கண்ணில் படத் தொடங்கின. வரிசையாக எல்லா வீட்டிலும். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணிவிடலாம் என்றார். அவருடைய பேரன் மணமான பின் இங்கே வீடு வாங்க முடியாமல் உள்நாட்டுக்குப் போய்விட்டான். 2022 ஜூனில் ஊர்மக்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாக வாழ்கிறவர்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று வாக்களித்தவர்களில் 93 சதவீதத்தினர் சொன்னார்கள். அதற்குச் சட்ட வலிமை இல்லை. ஆனாலும் ஓர் ஊர் இவ்வளவு ஒருமித்துப் பேசும்போது, அந்த வீடுகளில் ஒன்றில் படுத்துறங்கிய நானும் கேட்டாக வேண்டும்.

எங்களைப் போன்றவர்கள் தரும் வாடகையில்தான் அந்த ஓடுகளும் உத்தரங்களும் பழுதுபார்க்கப்படுகின்றன என்பதும் உண்மை. மூதாட்டியே அதைச் சொன்னார். விருந்தினர் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, எல்லா வீடும் விருந்தினருக்கே போய்விடக் கூடாது என்கிறார். இரண்டையும் சேர்த்து யோசித்துத்தான் நானும் அம்மாவும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அடுத்த முறை முழு வீடு எடுப்பதில்லை. விட்பியிலேயே குடியிருந்துகொண்டு, தம் வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில், கூட்டம் குறைந்த நவம்பரில் தங்குவோம். சமையலறையை அரை மணி நேரம் பயன்படுத்த விடுவார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை.