எத்தனை நாளைக்குக் காய்ச்சணும்?

“காய்ச்சிக் குடிங்கன்னு சொல்றீக, சரி. எத்தனை நாளைக்கு?” என்று கேட்டார் ஆச்சி.

“நாங்க சொல்ற வரைக்கும் ஆச்சி.”

சுகாதார ஆய்வாளர் வேலையில் எத்தனையோ வாசலில் சொன்ன பதில்தான். ஆனால் ‘போதும், இனிமேல் காய்ச்ச வேண்டாம்’ என்று எந்த வாசலிலும் நான் சொன்னதில்லை. ஒற்றை ஆளாக இருக்கிற ஆச்சி அன்றைக்குச் சிலிண்டர் விலையையும் சொன்னார். மழைத் தண்ணீரை அண்டாவில் துணி கட்டிப் பிடித்துக் குடித்த காலத்தில் யார் காய்ச்சினார்கள் என்றும் கேட்டார்.

அந்தத் தெருவில் இரண்டு வீட்டில் காமாலை. கடைசிக் குழாயில், குளோரின் இருந்தால் மஞ்சளாகக் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் மஞ்சளே ஏறவில்லை. அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்ச வேண்டும். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டதாக ஆபரேட்டர் சொன்னார். நான் நம்பினேன். பிரித்த மூட்டை நாள்பட்டால் வீரியம் குறையும். வழியில் அழுக்குச் சேர்ந்தாலும் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். வால்வை மூடச் சொன்னேன். லாரித் தண்ணீர் வந்தது.

மூடியது சரிதான். வேறென்ன செய்ய முடியும்? ஆனால் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். நிறுத்தினால் பக்கத்துச் சாக்கடை உள்ளே வர வழியாகிவிடும். வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சுவது போதாதென்று நானும் என் பங்குக்கு அழுத்தத்தைக் குறைத்தேனோ என்று தோன்றும். திறக்கும்போது முதல் தண்ணீரை வெளியே விடச் சொன்னேனே என்று உடனே சமாதானமும் வரும்.

தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருந்தால் கறுக்கிற சோதனை பாட்டில் கறுக்கவில்லை. “ஊரைப் பயமுறுத்தினதுதான் மிச்சம்” என்றார்கள் அலுவலகத்தில். காமாலைக் கிருமி உடம்புக்குள் போய் நோயாகத் தெரியவே சில வாரம் ஆகும். அந்தத் தண்ணீர் என்றைக்கோ குடித்துத் தீர்ந்திருக்கும். பாட்டிலில் இருப்பது இன்றைய தண்ணீர். அதோடு அந்தப் பாட்டில் காட்டுவது பாக்டீரியாவை. காமாலைக்குக் காரணம் வைரஸ். 1955-ல் டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்தபோது குளோரினைக் கூட்டித்தான் போட்டார்கள். பாக்டீரியாவால் வரும் டைபாய்டு கூடவில்லை, காமாலையோ 29,000 பேருக்கு மேல் வந்தது.

இதை எல்லாம் வாசலில் நின்று எப்படிச் சொல்வது? ‘பாட்டில் கறுக்கலை, ஆனாலும் காய்ச்சுங்க’ என்றால் எதற்குச் சோதனை என்று கேட்பார்கள். நியாயம்தானே. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. சுற்றியுள்ள எங்கள் ஊர்களிலும் புது நகர்கள் முளைக்கின்றன. பழைய குழாயிலேயே ஒட்டுப்போட்டு நீட்டிக்கொண்டே போகிறோம். எந்த நாளில் நின்று ‘போதும்’ என்பது?

இப்போது புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடம், காய்ச்சச் சொன்னால் கூடவே ஒரு தேதியும் சொல்லுங்கள் என்கிறேன். இல்லாவிட்டால் நாலாம் நாள் யாரும் காய்ச்ச மாட்டார்கள். அந்தத் தேதியை எதை வைத்துச் சொல்வது என்று ஒரு பையன் கேட்டான். சோதனைக்கு எடுக்கிற தண்ணீர் மாதிரி இரண்டு தொடர்ந்து சரியாக வரட்டும் என்றேன். எங்கள் வீட்டில் எந்தத் தேதியும் இல்லாமல் இன்றும் காய்ச்சித்தான் குடிக்கிறோம் என்பதை அவனிடம் சொல்லவில்லை.