ஞாயிற்றுக்கிழமை வரிசை

சர்ச் வேன் ஒன்று இன்று மதியம் வாக்குச்சாவடி வாசலில் வந்து நின்றது. ஆராதனை முடிந்த கையோடு வந்திருக்கிறார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பாட்டி. அகலமான ஊதாத் தொப்பி, வெள்ளைக் கையுறை. சர்ச்சில் கொடுத்த அட்டை விசிறியால் விசிறிக்கொண்டே நின்றார்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கறுப்பினச் சபைகளில் இது பழைய வழக்கம். ஞாயிறு ஆராதனை, அப்புறம் நேராக முன்கூட்டிய வாக்குப்பதிவு.

2021-ல் மாநிலச் சட்டமன்றத்தில் இந்த ஞாயிறு வாக்குப்பதிவைக் குறைக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் விட்டுவிட்டார்கள். ஆனால் சாவடியை ஒட்டிய வரிசையில் நிற்பவர்களுக்கு வெளியாள் தண்ணீர் பாட்டில் கொடுத்தால் குற்றம் என்பது மட்டும் சட்டமாகிவிட்டது.

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதா குற்றம்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கித்த அட்லாண்டா எபனேசர் சபையின் போதகர் ரஃபேல் வார்னாக், அதே 2021-ல் ஜனநாயகக் கட்சி சார்பில் செனட்டர் ஆனார். இன்னொரு பக்கம், 2024-ல் வெள்ளையின எவாஞ்சலிக்கர்களில் (நற்செய்தி இயக்கப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில்) பத்தில் எட்டுப் பேர் டிரம்புக்கு வாக்களித்தார்கள். இரு தரப்பார் கையிலும் இருப்பது ஒரே பைபிள்.

வேனில் கூட்டி வருவது நல்ல காரியம். இன்னாருக்குப் போடு என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்வது வேறு. வரிவிலக்கு பெறும் சபைகள் அப்படிச் செய்யக் கூடாது என்று 1954-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆராதனையில் சொந்தச் சபையாரிடம் பேசினால் அந்தத் தடை பொருந்தாது என்று 2025 ஜூலையில் வரித்துறையே நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

வார்னாக்கை எனக்குப் பிடிக்கும். அவருக்காக ஒரு போதகர் மேடையில் வாக்குக் கேட்டாலும் தப்பு என்றுதான் சொல்வேன்.