டப்பா ஆக்ஸிஜனை நம்பி லடாக் போகாதீர்கள்

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டைப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நானும் அங்கிருந்து போனவன். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். லடாக்கில் வேலை பார்த்ததால், அங்கே சுற்றுலா போகும் பையன்கள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். போன வாரம் அக்கா மகன் வந்தான். டெல்லியிலிருந்து விமானத்தில் லே, மறுநாள் காலையே வாடகை பைக்கில் கர்துங் லா கணவாய். கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது.

“காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, அவ்வளவுதானே மாமா? டப்பா வாங்கிக்கொள்கிறோம்” என்றான்.

வேலூர்க் கோட்டை அகழியோரத்திலும் சரி, லே கடைவீதியிலும் சரி, காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். குழாயில் தண்ணீர் வந்தாலும் அழுத்தம் இல்லாத நாளில் மாடித் தொட்டிக்கு ஏறுவதில்லை. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் ஏறுவதும் அப்படித்தான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம்; 3,500 மீட்டர் உயர லேயில் 500க்குச் சற்றுக் குறைவு. அதிலும், உள்ளே இழுத்த காற்று ஈரமானதும் நீராவி 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். எந்த உயரத்திலும் இந்த 47 குறையாது. மீதியில் 21 சதவீதம் என்று கணக்கிட்டால், கடல் மட்டத்தில் 150 இருக்கும் ஆக்ஸிஜன் அழுத்தம் லேயில் 95 அளவுக்கு இறங்குகிறது. 5,359 மீட்டர் உயரக் கர்துங் லாவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி.

ஏலகிரிக்குப் போய்வந்த தைரியம் இங்கே உதவாது. அது 1,100 மீட்டர்தான். காது அடைக்கும், அவ்வளவே. பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை ஆரம்பம்.

உயரத்தில் உடல் வேகமாக மூச்சு வாங்கும். கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடும். சிறுநீரகம் அதைச் சரிசெய்யச் சில நாட்கள் பிடிக்கும். அதனால்தான் ராணுவத்தில் முதல் கட்டத்துக்கு 6 நாள், அடுத்த இரு கட்டங்களுக்கும் நான்கு நான்கு நாள் பழக்கிய பிறகே மேலே அனுப்புவார்கள். சில நிமிடங்களில் தீரும் டப்பா இந்த வேலையைச் செய்யுமா?

உடற்பயிற்சி செய்து முறுக்கேறிய உடம்பும் தப்பாது. ஒரு ஜவானை மறக்கவே முடியவில்லை. முதல் நாள் தலைவலி, சாப்பாடு வேண்டாம் என்றான். அடுத்த இரவு வறட்டு இருமல். படுக்க முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான், நகமெல்லாம் நீலம். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நறநறவென்ற சத்தம். பிறகு இளஞ்சிவப்பு நுரையாகத் துப்பினான். ஆக்ஸிஜன் குறையும்போது நுரையீரல் ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே அழுத்தம் எகிறி, காற்றுப் பைகளில் நீர் கசிந்துவிடுகிறது. ஆக்ஸிஜன் கொடுத்தபடியே இரவோடு இரவாகக் கீழே இறக்கினோம். பிழைத்தான்.

ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் 1,925 வீரர்களைக் கவனித்து உயரமான மலைகளில் வரும் இந்த நோயைப் பற்றி 1969இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். இன்னமும் பையன்கள் மறுநாளே ஏறத் துடிப்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

அக்கா மகனின் பயணத் திட்டத்தை மாற்ற வைத்தேன். முதல் இரண்டு நாள் லேயில் ஓய்வு, மது கூடாது. உடல் உயரத்துக்குப் பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். தலைவலி இருக்கும்வரை மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே வண்டி பிடித்து இறங்க வேண்டும்.