டியேகோ கார்சியா: சில நாட்களின் குறிப்பு

3 டிசம்பர் 2024

இந்து சமுத்திரத்தில் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட டியேகோ கார்சியா தீவில் இருந்த எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்தில் பெரும்பாலானோர் பிரித்தானியா வந்து சேர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அன்ரிக்குச் செய்தியை வாசித்துக் காட்டினேன். அடுப்பை நிறுத்திவிட்டு வந்து இருந்தார்.

“கனடாவுக்கெண்டு வெளிக்கிட்ட படகோ, பிள்ளை?”

அதேதான். 2021 ஒக்டோபரில் நடுக்கடலில் படகு பழுதாகி, பிரித்தானியக் கடற்படை அந்தத் தீவுக்குக் கொண்டுபோன 89 பேர். அன்ரி விரலை மடித்து எண்ணினார். மூன்று வருடத்துக்கு மேல்.

5 டிசம்பர்

நித்திரை வரவில்லை. கூடாரங்கள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒரு கால்பந்து மைதானம் அளவு இடம், சுற்றிவர வேலி, வாசலில் காவல். படுக்கிற இடத்தில் எலி. பதினாறு பிள்ளைகள் அதற்குள்தான் வளர்ந்தார்கள். கடற்கரைக்குப் போகவும் காவலாளி கூட வரவேண்டும். தீவில் வாழ்ந்து கடலைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார்கள்!

8 டிசம்பர்

ஏன் தீவு என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கடல் சூழ்ந்தது என்பதற்காக மட்டும் இல்லை. நாட்டின் சட்டம் கரையோடு நின்றுவிடுகிறது, அதுதான் வசதி. அகதிகள் உடன்படிக்கை அந்தத் தீவுக்குப் பொருந்தாது என்றே லண்டன் சொல்லிவந்தது. 1965-இல் மொரிசியஸிடமிருந்து பிரித்தெடுத்து, அமெரிக்கத் தளத்துக்காக ஊர்ச்சனத்தையே வெளியேற்றிய மண் அது.

அவுஸ்திரேலியா இதை எப்போதோ செய்துவிட்டது. 2001-இல் கிறிஸ்மஸ் தீவைத் தன் குடிவரவு வலயத்திலிருந்து வெட்டிவிட்டது. கொடி அவர்களுடையது, ஆனால் படகில் அங்கே இறங்கியவர் நாட்டுக்குள் வந்தவராகக் கணக்கில்லை. அப்புறம் படகில் வந்தவர்களை நவுருவுக்கும் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவுக்கும் அனுப்பி அடைத்தது. 2016-இல் பப்புவா நியூகினி உச்ச நீதிமன்றமே மானுஸில் அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்றது.

17 டிசம்பர்

டியேகோ கார்சியா சனத்தின் வழக்கில் நேற்றுத் தீர்ப்பு. நீதிபதி மார்கரெட் ஓபி செப்டம்பரில் தீவுக்கே போய், முகாமைச் சுற்றிப் பார்த்து விசாரித்தவர். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம். பெயரில்தான் சிறை இல்லை என்று எழுதியிருக்கிறார். இரண்டு தரம் வாசித்தேன், கண் கலங்கிவிட்டது.

அன்ரி பிள்ளைகளுக்குக் குளிர் ஜாக்கெட் சேர்க்கத் தொடங்கிவிட்டார். “அங்க வெயில், இங்க இந்தக் குளிர்.” இன்று கடைக்குக் கூடப் போனேன். ஐந்து வயதுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தவர், “போகேக்க அஞ்செண்டா இப்ப எட்டெல்லோ” என்று திரும்ப வைத்தார்.