14 கேள்விப் படிவம்

எங்கள் குழுவில் ஆறு பேர். கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் அலுவலகம். சின்னச் சின்னக் கடைகள் ஆர்டர் எடுக்கும் செயலிதான் எங்கள் பிழைப்பு. முன்பெல்லாம் நிரல் எழுதி முடித்தவரே லைவில் ஏற்றிவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போய்விடுவார். இன்னொருவர் பார்க்கும் வழக்கமே கிடையாது. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்.

ஒரு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன், இரவு பதினொரு மணிக்குத் தம்பி ஒருவன் தள்ளுபடியை ஏற்றினான். 5 விழுக்காடு என்று இருக்க வேண்டியது 5 வெள்ளி (ரிங்கிட்) என்று போய்விட்டது. 4 வெள்ளி முறுக்குப் பொட்டலம் இலவசம்! விடிவதற்குள் ஒரே கடையில் 60 பொட்டலம் போயிருந்தது. பசியாறக்கூட விடாமல் கடைக்கார அங்கிள் போனில் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே, எந்த மாற்றத்தை ஏற்றுவதற்கு முன்பும் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று தயாரித்தேன். 14 கேள்வி, இரண்டு பேர் கையெழுத்து. (கோபத்தில் எழுதியது. இப்போது படித்தால் ஒவ்வொரு கேள்வியிலும் அந்தத் தம்பியின் முகம்தான் தெரிகிறது.) அடுத்த மாதம் அதே அங்கிளின் கடை எண்ணில் ஓர் இலக்கம் தப்பு. திங்களன்று சொன்னார், வெள்ளியன்றுதான் மாறியது.

"ஒரு நம்பர மாத்த நாலு நாளாம்மா?"

அந்தச் சமயத்தில்தான் நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தின் கதையைப் படித்தேன். 2012 ஆகஸ்ட் 1. புது நிரலை 8 சர்வரில் ஏற்ற வேண்டியவர் ஒன்றை விட்டுவிட்டார். வேறு யாரும் சரிபார்க்கவில்லை. சந்தை திறந்து 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம். அதைவிட என்னை உறுத்தியது, திறக்குமுன்னே அவர்கள் சிஸ்டம் பிழை இருப்பதாக 97 மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் படிவமும் அந்த மின்னஞ்சல் மாதிரிதான் ஆகிக்கொண்டிருந்தது. 14 கேள்விக்கும் 'ஆம்' போட்டு அனுப்புவார்கள். நானும் படிக்காமலே கையெழுத்துப் போடுவேன்.

தூக்கிப் போட்டோம். விலை, தள்ளுபடி, பணம் திரும்பக் கொடுப்பது, இந்த மூன்றை மட்டும் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழையபடி திருப்பும் வழியும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். எண், எழுத்துப்பிழை, படமெல்லாம் அவரவர் பொறுப்பு. தப்பானால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

ஒன்று மட்டும் இன்னும் சரிப்படவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆள் இருக்க மாட்டார்கள். கெரிஞ்சியில் எல்ஆர்டி ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரல் வருவதற்குள் போனிலேயே பார்த்து 'சரி' போட்டுவிடுகிறேன். மூன்றே நிறுத்தம். அதெல்லாம் பார்த்த கணக்கில் வருமா? தம்பிக்கு இது தெரியாது.