கையை நீட்டி, அவனைத் தொட்டு

வேளாங்கண்ணிக்குப் போகிறேன் என்றால், "எனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வா" என்பார்கள். வேலூருக்கு என்றதும் அண்ணி கேட்டது, "யாருக்கு உடம்பு சரியில்ல?" ஜெபிக்கப் போகிறேன் என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்தேன். சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே லாட்ஜ் போர்டுகளில் பாதி வங்காள எழுத்து. ஆஸ்பத்திரி சேப்பலில் ஸ்கேன் கவரை மடியில் வைத்தபடி ஒருவர். இரண்டு வரிசை தள்ளி, நெற்றியில் திருநீறோடு ஓர் அம்மா. எந்தச் சபை என்று அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. நம் சபைகளில் முதல் கேள்வியே அதுதான்.

சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்கு அழைத்தார்கள். அவரோ டாக்டர் இல்லை; டாக்டரான அப்பாவை, ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா ஜெபித்தார், அழைப்பைப் பெற்றார் என்று ஞாயிறு பள்ளியில் கதையை முடித்துவிடுகிறோம். அந்த ஜெபம் அவரைக் கப்பலேற்றி, மருத்துவம் படிக்க வைத்து, 1899-ல் பட்டம் வாங்க வைத்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்க வைத்தது. ஆமென் சொல்ல அத்தனை வருஷம்!

என்னை அதிகம் உலுக்கியவர் கொல்லிமலையில் பிறந்த சிஎம்சி டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தியவர். ஒருமுறை நோயாளியின் தோளில் கைவைத்துச் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தாராம். அந்த மனிதர் விம்மி விம்மி அழுதார். தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று இவர் பதற, மொழிபெயர்த்தவர் சொன்னார்: இங்கே வரும்வரை பல வருஷமாக இவரை யாரும் தொட்டதில்லை.

மாற்கு முதல் அதிகாரத்தைச் சேப்பலில் திறந்தேன். "இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு..." சுத்தமான பிறகு தொடவில்லை. குஷ்டம் உடம்பில் இருக்கும்போதே தொட்டார். 'சுத்தமாகு' என்றது அதற்குப் பிறகு.

காட்பாடிக்கு அப்பால் கரிகிரிக்கும் போனேன். 1955-ல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. உணர்ச்சி இழந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. நடந்து நடந்தே புண்ணாகும். அதற்காகத்தான் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரில் செருப்பு. ஒருவருடைய பாதத்தைக் கையில் ஏந்தி அளவெடுப்பதும் பிறருக்காகப் பரிந்துபேசும் ஜெபம்தான் என்பேன். போதகர்கள் கோபித்தாலும் சரி.

எங்கள் சபையில் ஜெபக்குறிப்பை ரயில்வே அறிவிப்பு போல வாசிப்போம். முப்பது பெயர், மூன்று நிமிஷம். வாரத்துக்கு இரண்டு பெயர் போதும், அந்த இரண்டு வீட்டுக்கும் போய் வருவோம் என்று செயலாளர் ஐயாவிடம் கேட்கப்போகிறேன். ஒப்புக்கொள்வாரா தெரியவில்லை. அவருக்குப் பட்டியல் நீளமாக இருந்தால்தான் திருப்தி.